கேட்கப்படாத சொல்: முடக்குவாத மருந்துகளும் பெருந்தொற்றும்

2020 மார்ச் மாதத்தின் கடைசி வாரம். நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கி மூன்று நாள்கள் ஆகியிருந்தன. காய்கறிக் கடைகளும் மருந்துக்கடைகளும் மட்டுமே திறந்திருந்த தெருவில் நடந்து, வழக்கமாக மருந்து வாங்கும் கடைக்குச் சென்றேன். ஒன்பது ஆண்டுகளாக மாதந்தோறும் காட்டிவரும் அதே மருந்துச் சீட்டை நீட்டினேன். கடையில் இருந்த இளைஞர் சீட்டைப் பார்த்ததும் தலையை அசைத்தார். "கொரோனா மாத்திரையா சார்? அது தீர்ந்துபோய் நாலு நாளாச்சு. டப்பா டப்பாவா வாங்கிட்டுப் போயிட்டாங்க."

அவர் 'கொரோனா மாத்திரை' என்று சொன்னது ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் என்னும் மாத்திரையை. எனக்கு 2011 முதல் முடக்குவாதம். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல் உடலையே பகையாகக் கருதி மூட்டுகளைத் தாக்கும் நோய் அது. ஞாயிறுதோறும் ஒரு வேளை மெத்தோட்ரெக்ஸேட், அன்றாடம் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் என்று என் வாழ்க்கை ஓர் ஒழுங்குக்குள் வந்திருந்தது. அந்த ஒழுங்கில் ஒரு மாத்திரை ஒரே வாரத்தில் வேறொரு நோயின் பெயரைச் சூடிக்கொண்டு காணாமல் போயிருந்தது.

மறுநாள் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அழைத்தவர், நான் பார்க்கும் மருத்துவரிடமே வந்துபோகும் ஓர் இளம்பெண். காத்திருப்பு அறையில் ஏற்பட்ட பழக்கம். அவருக்கு லூப்பஸ். அதுவும் எதிர்ப்பாற்றல் தடம் மாறுவதால் வருவதுதான்; ஆனால் மூட்டோடு நிற்காமல் தோல், சிறுநீரகம், இரத்தம் என்று எங்கும் கைவைக்கக் கூடியது. ஆறு நாள்களுக்குத்தான் மாத்திரை இருக்கிறது என்றார். என்னிடம் இரண்டு அட்டைகள் மிச்சம் இருந்தன. ஒன்றை, ஊரடங்கு அனுமதி பெற்று அவர் இருந்த பகுதிக்குச் சென்ற பால் வண்டிக்காரர் மூலம் கொடுத்தனுப்பினேன். மாத்திரை கிடைத்ததும் மீண்டும் அழைத்தார். அப்போது அவர் கேட்ட ஒரு கேள்விதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. "சார், நாம வருஷக்கணக்கா இதைச் சாப்பிடுறோமே, நமக்குக் கொரோனா வருதா இல்லையான்னு யாராச்சும் கேட்டாங்களா?"

அந்தக் கேள்வியின் கனம் அன்று எனக்கு முழுவதும் புரியவில்லை. இம்மருந்துகளின் வரலாற்றைப் படித்த பிறகே புரிந்தது.

*

ஹைட்ராக்ஸிகுளோரோகுயினின் முன்னோரைத் தேடிப் போனால் தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைச்சரிவில் வளரும் சிங்கோனா மரத்திடம் போய்ச் சேர்வோம். அதன் பட்டையிலிருந்து 1820இல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் பெல்லெத்தியேவும் காவந்தூவும் கொயினாவைப் பிரித்தெடுத்தார்கள். மலேரியாக் காய்ச்சலுக்கு அன்று அதை விட்டால் வேறு மருந்தில்லை. காலனி ஆட்சி நிலைக்கவேண்டுமானால் கொயினா வேண்டும் என்பதை உணர்ந்த ஆங்கிலேயர், கிளெமெண்ட்ஸ் மார்க்கம் தலைமையில் தென்னமெரிக்காவுக்கு ஆளனுப்பி விதைகளையும் கன்றுகளையும் கொண்டுவரச் செய்தனர். 1860களில் நம் நீலகிரியில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சிங்கோனாத் தோட்டங்கள் எழுந்தன. ஊட்டியிலிருந்து கூடலூருக்குப் போகும் வழியில் நடுவட்டத்தைக் கடந்தவர்களுக்கு அந்த ஊர் நினைவிருக்கலாம்.

மலேரியா மருந்து வாத நோய்க்கு எப்படி வந்தது? லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையின் ஜோசப் ஃபிராங்க் பெய்ன் என்ற மருத்துவர் 1894இலேயே லூப்பஸ் தோல் நோய்க்குக் கொயினாவைக் கொடுத்துப் பயன் கண்டதாகச் சொல்லியிருந்தார். அந்தக் குரல் பெரிதாகக் கேட்கப்படவில்லை. அது மீண்டும் ஒலிக்க ஓர் உலகப் போர் தேவைப்பட்டது.

உலகத்தின் கொயினாவில் மிகப் பெரும்பகுதி அப்போது டச்சுக்காரர் ஆண்ட ஜாவாத் தீவிலிருந்து வந்துகொண்டிருந்தது. 1942இல் ஜப்பான் ஜாவாவைப் பிடித்ததும் நேச நாடுகளுக்குக் கொயினா நின்றுபோயிற்று. பசிபிக் தீவுகளிலும் பர்மாக் காடுகளிலும் போரிட்ட இலட்சக்கணக்கான வீரர்களுக்கு மெப்பாக்ரின் என்ற செயற்கை மருந்து கொடுக்கப்பட்டது. அது தோலை மஞ்சளாக்கும் மாத்திரை. வீரர்கள் அதை வெறுத்தார்கள். ஆனால் அவர்களுள் தோல் தடிப்பும் மூட்டு வலியும் கொண்டிருந்த சிலர், மாத்திரையைத் தின்னத் தொடங்கியபின் அவை தணிந்துவிட்டதாகத் தெரிவித்தார்கள். யாரும் எதிர்பார்த்துக் கொடுத்த மருந்தன்று. தின்றவர்கள் சொன்னார்கள், மருத்துவர்களில் சிலர் காதுகொடுத்தார்கள், அவ்வளவுதான்.

போர் முடிந்தபின், 1951இல், ஃபிரான்சிஸ் பேஜ் என்னும் ஆங்கிலேய மருத்துவர் 18 லூப்பஸ் நோயாளிகளுக்கு மெப்பாக்ரின் கொடுத்துக் கண்ட நன்மைகளை லான்செட் இதழில் வெளியிட்டார். மஞ்சள் நிறம் தராத, நஞ்சு குறைந்த உறவு மருந்து ஒன்றை இதற்குள் வேதியியலாளர்கள் உருவாக்கியிருந்தார்கள். அதுதான் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின். 1955இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. மலேரியாவுக்குப் பிறந்து வாதநோய்க்காரர்கள் வீட்டில் வளர்ந்த மருந்து என்று இதைச் சொல்லலாம்.

அது நின்றால் என்ன ஆகும் என்பதும் அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது. கனடாவில் நடந்த ஓர் ஆய்வு 1991இல் வெளிவந்தது. நோய் அடங்கியிருந்த 47 லூப்பஸ் நோயாளிகளில் ஒரு பாதியினருக்கு மருந்தைத் தொடர்ந்தார்கள். மறுபாதியினருக்கு அதைப் போலவே இருக்கும் வெற்று மாத்திரையைக் கொடுத்தார்கள். ஆறு மாதத்திற்குள், வெற்று மாத்திரை பெற்றவர்களிடம் நோய் மீண்டும் கிளர்ந்தெழும் அபாயம் இரண்டரை மடங்காக இருந்தது. ஆக, 2020 மார்ச்சில் அந்தப் பெண்ணின் கையில் ஆறு நாள் மாத்திரைதான் இருந்தது என்பது வெறும் மனக்கவலை அன்று.

*

வாதநோயின் இன்னொரு பெருமருந்தான ஸ்டீராய்டின் கதையும் இப்படித்தான் தொடங்குகிறது.

1929இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹெஞ்ச் என்ற மருத்துவரிடம் முடக்குவாத நோயாளி ஒருவர் ஒரு விந்தையான செய்தியைச் சொன்னார். தமக்கு மஞ்சள் காமாலை வந்ததும் மூட்டு வலி அடங்கிவிட்டது என்பதே அது. அன்றைய மருத்துவ அறிவின்படி பொருளற்ற செய்தி. முடக்குவாதம் திரும்பாத பாதையில் செல்லும் நோய் என்றே எல்லோரும் நம்பியிருந்தார்கள். ஹெஞ்ச் அதைத் தள்ளிவிடவில்லை. இத்தகைய நோயாளிகளைத் தேடித் தேடிக் கேட்டார். கருவுற்றிருக்கும் மாதங்களில் வலி குறைந்து, மகப்பேற்றுக்குப் பின் திரும்பிவிடுகிறது என்று பெண்கள் சொன்னார்கள். உடலே சுரக்கும் ஏதோ ஒரு பொருள் நோயை அடக்குகிறது என்ற முடிவுக்கு வந்தார். பெயர் தெரியாத அதற்கு 'எக்ஸ்' என்று பெயரிட்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தேடினார்.

அதே நிறுவனத்தில் பணியாற்றிய எட்வர்ட் கெண்டல் சிறுநீரகத்தின்மேல் அமர்ந்திருக்கும் சுரப்பியிலிருந்து பிரித்த பொருள்களில் ஒன்று அவருக்குக் கைகொடுத்தது. 1948 செப்டம்பரில், முடக்குவாதத்தால் எழுந்து நடமாட இயலாதிருந்த 29 வயதுப் பெண் ஒருவருக்கு அதை ஊசியாகப் போட்டார்கள். சில நாள்களில் அவர் எழுந்து நடந்தார். பின்னர் கார்ட்டிசோன் என்று பெயர்பெற்ற அம்மருந்துக்காக ஹெஞ்ச், கெண்டல், சுவிட்சர்லாந்தின் ரைக்ஸ்டைன் ஆகிய மூவருக்கும் 1950இல் நோபல் பரிசு கிடைத்தது. முகம் வீங்குதல், எலும்பு மெலிதல், சர்க்கரை ஏறுதல், தொற்றுக்கு இடம் கொடுத்தல் என்னும் அதன் மறுபக்கத்தையும் உலகம் விரைவிலேயே கண்டது. அதையும் தம் உடலில் முதலில் காட்டித் தந்தவர்கள் வாதநோயாளிகளே.

இரண்டு கதைகளிலும் தொடக்கம் ஒன்றுதான். நோயாளி ஒருவர் தம் உடலில் கண்டதைச் சொல்கிறார். அது பாடநூலுக்குப் பொருந்தவில்லை. ஆயினும் ஒருவர் கேட்கிறார்.

*

தமிழில் 'வாதம்' என்னும் ஒரே வடிவத்தில் இரு வேறு வடசொற்கள் வந்து கலந்துவிட்டன. ஒன்று காற்று, வாத பித்த கபம் என்பதில் வருவது. மற்றொன்று தருக்கம். 2020ஆம் ஆண்டு இரண்டாம் வாதம் ஓங்கி, முதல் வாதக்காரர்களின் குரல் அமிழ்ந்துபோன ஆண்டு.

நிகழ்வுகளை வரிசையாகப் பார்க்கலாம். 2020 மார்ச் 20 அன்று பிரான்சின் மார்சேய் நகரத்து ஆய்வாளர் திதியே ராவுல்ட் குழுவினரின் கட்டுரை வெளிவந்தது. மருந்து பெற்றவர்கள் 26 பேர். பெறாதவர்கள் 16 பேர். பெற்றவர்களில் அறுவர் முடிவுகளைக் கணக்கிடும்போது விடப்பட்டனர். அந்த அறுவரில் மூவர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குச் சென்றவர்கள், ஒருவர் இறந்துபோனவர். இந்தக் கணக்கின்மேல்தான் உலகத்தின் நம்பிக்கை எழுந்தது. மறுநாளே அமெரிக்க அதிபர் டிரம்ப் அம்மருந்தை மருத்துவ வரலாற்றின் பெரும் திருப்பங்களுள் ஒன்றாகலாம் என்று புகழ்ந்து எழுதினார். அடுத்த ஓரிரு நாள்களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பணிக்குழு, கொரோனா நோயாளிகளைக் கவனிக்கும் சுகாதாரப் பணியாளர்களும் நோயாளிகளின் வீட்டாரும் அதை முன்தடுப்பாக உட்கொள்ளலாம் என்றது. மார்ச் 25 அன்று இந்திய அரசு அதன் ஏற்றுமதிக்குத் தடை விதித்தது; ஏப்ரல் தொடக்கத்தில் தடையை இறுக்கி, சில நாள்களிலேயே பிற நாடுகளின் வேண்டுகோளால் தளர்த்தியது. உலகத் தேவையில் பெரும்பங்கைத் தயாரிக்கும் நாடு இது. அந்த நாட்டின் மருந்துக்கடைகளில் அது இல்லை.

மார்ச் 26 அன்று மத்திய அரசு இம்மருந்தை 'எச்1' பட்டியலின் விதிகளுக்குள் கொண்டுவந்தது. மருத்துவர் சீட்டு இன்றி விற்கக் கூடாது. விற்றதைப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். பதுக்கலைத் தடுக்க அது தேவையான ஆணைதான். ஆனால் புதிய சீட்டு எழுதித் தரவேண்டிய வாதநோய் மருத்துவமனைகளின் வெளிநோயாளர் பிரிவுகள் மூடிக் கிடந்தன, பேருந்துகள் ஓடவில்லை. தொலைபேசி வழி மருத்துவ ஆலோசனைக்கான விதிமுறைகள் மார்ச் 25 அன்று வெளியானதால் ஓரளவு வழி பிறந்தது. எங்கள் டாக்டரம்மா இரவு பத்து மணிக்குமேல் ஒவ்வொருவராக அழைத்து, கைபேசியில் சீட்டை அனுப்பினார். அவருக்கு என் நன்றி என்றும் உண்டு.

மருந்து மட்டுமா? வெளியே தெரியாத சிறு இடர்கள் பல. இருபது நொடி கைகழுவச் சொன்னார்கள். காலை எட்டு மணி வரை விரல்கள் மடங்காத ஒருவருக்குக் குழாயைத் திறப்பதே ஒரு வேலை. முகக்கவசத்தின் நாடாவைத் தலைக்குப் பின்னால் கட்டுவதற்குத் தோள் மூட்டு உயரவேண்டும். மெத்தோட்ரெக்ஸேட் உண்பவர்கள் சில வாரங்களுக்கு ஒருமுறை ஈரலுக்கும் இரத்த அணுக்களுக்கும் சோதனை செய்தாக வேண்டும். சோதனைச் சாலைக்குப் போனால் தொற்று, போகாவிட்டால் குருட்டு நடை. நோய் கிளர்ந்தால் எங்களுக்குக் காய்ச்சல் வரும். காய்ச்சல் என்றால் அண்டை வீட்டார் கதவைச் சாத்தினார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கேள்வி இரவில் விழித்துக்கொள்ளும். எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரையைத் தொடர்ந்தால் தொற்று கொன்றுவிடுமா? நிறுத்தினால் மூட்டுகள் போய்விடுமா? நான் இரண்டு ஞாயிறுகள் மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்திப் பார்த்தேன். மூன்றாம் வாரம் சோற்றைப் பிசைய முடியவில்லை. மீண்டும் தொடங்கிவிட்டேன்.

*

இனி அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருவோம். ஒரு மருந்து தொற்றைத் தடுக்குமா என்று அறிய விரும்புகிறவர் முதலில் யாரிடம் போகவேண்டும்? அதை ஆண்டுக்கணக்கில் உண்டுவரும் இலட்சக்கணக்கானவர்களிடம். அவர்களுக்குத் தொற்று வருகிறதா என்று கேட்டாலே போதும். முழு விடை கிடைக்காவிட்டாலும் ஒரு முதல் எச்சரிக்கை கிடைத்திருக்கும்.

கேட்டவர்கள் இல்லாமல் இல்லை. 2020 மார்ச்சில் பல நாட்டு வாதநோய் மருத்துவர்கள் இணையத்தில் ஒன்றுகூடி, உலக வாதநோயியல் கூட்டணி என்ற பெயரில், தொற்றுக்கு ஆளான தம் நோயாளிகளின் விவரங்களைப் பதியத் தொடங்கினார்கள். 2020 மே மாதம் அவர்கள் வெளியிட்ட சிறு அறிக்கையில் கொரோனா கண்ட 80 லூப்பஸ் நோயாளிகளின் விவரம் இருந்தது. அவர்களில் 64 விழுக்காட்டினர் ஏற்கெனவே இவ்வகை மாத்திரையை உண்டுவந்தவர்கள். அதாவது, அது அவர்களைக் காக்கவில்லை. எண்பது பேரைக் கொண்டு இறுதித் தீர்ப்புச் சொல்ல இயலாது என்பது உண்மை. ஆனால் 26 பேரின் கணக்கு உலகத்தையே அசைத்ததையும், இந்த 80 பேரின் சொல் செய்தித்தாள்களின் உள்பக்கத்தைக்கூட எட்டாததையும் ஒருங்கே வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது.

தீர்ப்பு ஜூன் மாதம் வந்தது. பிரிட்டனில் நடந்த 'ரெக்கவரி' என்னும் பெரும் ஆய்வில், மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 1561 பேருக்கு அம்மருந்து தரப்பட்டது. 3155 பேருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். 28 நாள்களுக்குள் இறந்தவர்கள் முதல் பிரிவில் 27 விழுக்காடு. இரண்டாம் பிரிவில் 25 விழுக்காடு. பயனில்லை என்று ஜூன் 5 அன்று அறிவித்தார்கள். ஜூன் 15 அன்று அமெரிக்கா தன் அவசர அனுமதியைத் திரும்பப் பெற்றது. கடைகளில் எங்கள் மாத்திரை மெல்லத் திரும்பி வந்தது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. மறுநாளே, ஜூன் 16 அன்று, அதே 'ரெக்கவரி' ஆய்வு இன்னொரு முடிவை அறிவித்தது. மலிவான பழைய மருந்தான டெக்சாமெத்தசோன், செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் இறப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் பெற்றவர்களின் இறப்பை ஐந்தில் ஒரு பங்கும் குறைத்தது. டெக்சாமெத்தசோன் யார்? 1948இல் அந்த 29 வயதுப் பெண்ணை எழுந்து நடக்கவைத்த கார்ட்டிசோனின் வழித்தோன்றல். அடுத்து வந்த டோசிலிசுமாப், ஒசாகாப் பல்கலைக்கழகத்தின் கிஷிமோட்டோவின் ஆய்வுகளிலிருந்து பிறந்து முடக்குவாதத்துக்குப் பயன்பட்டுவந்த ஊசி. பாரிசிட்டினிப் என்ற மாத்திரையும் முடக்குவாதத்துக்கு வந்ததே. 2022 ஜனவரியில் உலகச் சுகாதார நிறுவனம் கடுமையான கொரோனாவுக்கு அதை வலுவாகப் பரிந்துரைத்தது. கொரோனாவில் பலரைக் கொன்றது கிருமி மட்டுமன்று; கட்டுமீறிய எதிர்ப்பாற்றலும்தான். கட்டுமீறிய எதிர்ப்பாற்றலை அடக்கும் கலையை மருத்துவம் கற்றதில் பெரும்பங்கு எங்களைப் போன்றோரின் உடல்களில் நிகழ்ந்தது. உலகம் எங்கள் மருந்துப் பெட்டியைத் திறந்து எடுத்துக்கொண்டது. எடுத்ததில் தவறில்லை, உயிர்கள் பிழைத்தன. அதில் எனக்கு மனநிறைவே உண்டு.

ஆனால் பெட்டியை எடுத்தவர்கள் அதனோடு இருந்த அறிவை எடுத்துக்கொள்ளவில்லை. 2021 ஏப்ரல், மே மாதங்களில் இரண்டாம் அலை அடித்தபோது டோசிலிசுமாப் கிடைக்காமல் மக்கள் அலைந்தார்கள். ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு டெக்சாமெத்தசோன் நன்மை செய்யவில்லை என்று அதே ஆய்வு சொல்லியிருந்தும், முதல் நாள் காய்ச்சலுக்கே ஸ்டீராய்டு விழுங்கியவர்கள் பலர். சர்க்கரை ஏறியது, கரும்பூஞ்சை நோய் பரவியதற்கான காரணங்களுள் ஒன்றாக மருத்துவர்கள் அளவுமீறிய ஸ்டீராய்டைச் சுட்டினார்கள். ஸ்டீராய்டு எத்தகைய நண்பன், எங்கே கழுத்தைப் பிடிப்பான் என்பதை எங்கள் காத்திருப்பு அறையில் அமர்ந்திருக்கும் எந்த மூதாட்டியும் சொல்லியிருப்பார்.

ஒரு நல்ல முடிவையும் சொல்லவேண்டும். தடுப்பூசி வந்தபின், மெத்தோட்ரெக்ஸேட் உண்பவர்களுக்கு அதன் பயன் குறைவதாகத் தெரிந்தது. நான் செய்ததுபோல் அவரவர் அச்சத்தின்படி நிறுத்திக்கொண்டிருந்ததை, பிரிட்டனில் முறையான ஆய்வாகவே செய்து பார்த்தார்கள். கூடுதல் தவணை ஊசிக்குப்பின் இரண்டு வாரம் மருந்தை நிறுத்தியவர்களுக்கு எதிர்ப்புப் பொருள் ஏறத்தாழ இரு மடங்கு உண்டானது என்று 2022இல் முடிவு வந்தது. சிலருக்கு இடையில் நோய் கிளர்ந்தது என்பதையும் மறைக்காமல் பதிந்திருந்தார்கள். எங்கள் இரவுக் கேள்விக்கு ஒருவர் விடைதேடி வந்திருந்தார். அதைப் படித்த அன்று எனக்கு ஹெஞ்ச்சின் நினைவு வந்தது.

*

2023 மே 5 அன்று உலகச் சுகாதார நிறுவனம் கொரோனா நெருக்கடிநிலை முடிந்ததாக அறிவித்தது. 2024 டிசம்பரில் மார்சேய்க் கட்டுரையை அதை வெளியிட்ட இதழே திரும்பப் பெற்றது. அந்தச் செய்தியை லூப்பஸ் கொண்ட அந்தப் பெண்ணுக்கு அனுப்பினேன். அவருக்கு 2020 மே மாதத்தில் சிறுநீரகத்தில் நோய் கிளர்ந்து, ஸ்டீராய்டின் அளவைக் கூட்ட நேர்ந்தது. மாத்திரை தட்டுப்பட்ட வாரங்கள்தாம் காரணமா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, டாக்டரம்மாவும் சொல்லவில்லை. இப்போது நலமாக இருக்கிறார். "யாராச்சும் அப்பவே நம்மளைக் கேட்டிருக்கலாம் சார்" என்று மட்டும் பதில் எழுதியிருந்தார்.

பெருந்தொற்றின் வரலாற்றை எழுதப்போகிறவர்களுக்கு அரசாணைகள் கிடைக்கும். ஆய்வு முடிவுகள் கிடைக்கும். தலைவர்களின் பேச்சுகள் கிடைக்கும். ஓர் அட்டை மாத்திரை ஒரு பால் வண்டியில் பயணம் செய்தது எந்த ஆவணத்திலும் இராது. நீடித்த நோயோடு அந்த ஆண்டுகளைக் கடந்த நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்த மருந்து எத்தனை நாள் கிடைக்கவில்லை, எதை நிறுத்தினீர்கள், உடல் என்ன சொன்னது என்பதை ஒரு நோட்டில் தேதியிட்டு எழுதி வையுங்கள். விரல் வலிக்கிறது என்பது எனக்கும் தெரியும். நான் இக்கட்டுரையை நாள் ஒன்றுக்கு அரைப் பக்கமாகத்தான் எழுதினேன்.